தங்கமணி படித்த கடைசிப் பாடங்கள்

நான் ஓய்வுபெற்ற நாளன்று அலுவலகத்தில் மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். என்னோடு சில ஆண்டுகள் வேலை பார்த்த கவிதா, "மேடம், முன்னாடியெல்லாம் ஆடியோ ஃபைல் காணோம்னு எரர் வந்துக்கிட்டே இருக்குமாமே, அதை எப்படிச் சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க" என்றாள். இப்போதைய மென்பொருளில் ஒரு புத்தகத்தின் ஒலி முழுவதும் ஒரே ஃபைலுக்குள் இருக்கிறது. அதன் நகல் தானாகவே இணையத்திலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த எரரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. நான் எழுந்து நின்றேன். எங்கள் பழைய பொறுப்பாளர் கந்தசாமி சார் உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்தேன். அங்கே இப்போது குளிர்ந்த நீர் இயந்திரம் நிற்கிறது. பேச்சு வரவில்லை. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று வராத பேச்சைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

என் பெயர் மெகருன்னிசா. சேலம் கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். அத்தாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். தட்டச்சு படித்தேன், கல்யாணமானது, கணவரை இழந்தேன், ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகைகள் அடித்தேன். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிவுசெய்து தரும் ஓர் அறக்கட்டளையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். தமிழ் தட்டச்சு தெரியுமா என்றார்கள், தெரியும் என்றேன். ஒலி வெட்டும் வேலையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் அங்கே போய்க் கற்றதுதான்.

எங்கள் பதிவறை ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். சுவர் முழுக்க நாமக்கல்லிலிருந்து வந்த முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தோம். வெளி இரைச்சலை அவை ஓரளவுதான் தடுக்கும். ஆனாலும் கதவைச் சாத்தினால் உலகம் கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி இருக்கும். தன்னார்வலர்கள் உள்ளே உட்கார்ந்து படிப்பார்கள். நான் வெளியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதிவுசெய்வேன். பிறகு தப்பாகப் படித்ததை, இருமலை, தாள் புரட்டும் சத்தத்தை வெட்டி எடுப்பேன். அதன் பிறகு கந்தசாமி சார் கேட்பார். அவர் சரி என்று சொன்னால்தான் பாடம் மாணவர்களுக்குப் போகும்.

கந்தசாமி சார்தான் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு. அவருக்குப் பார்வை கிடையாது. சொந்த ஊர் பரமத்தி வேலூர். குடும்பத்துக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. சேலத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். எல்லோரிடமும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். கணினியைப் பற்றிக்கூட, "இன்னிக்குத் தொறக்க மாட்டேங்குதுங்களா?" என்று மரியாதையோடுதான் விசாரிப்பார். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லா மூச்சுச் சத்தத்தையும் சுத்தமாக வெட்டிவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு அவரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"நிசாம்மா, இவங்க மூச்சே உடாமப் படிக்கறாங்களே, உசுரோடதான் இருக்காங்களா?" என்றார்.

திரும்ப முதலிலிருந்து செய்தேன்.

எரர் வந்தால் அவர் கடைப்பிடித்த முறையைச் சொல்ல வேண்டும். நாங்கள் அப்போது பயன்படுத்திய மென்பொருள், பதிவான குரலைச் சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக உடைத்து ஒரு ஃபோல்டருக்குள் போட்டுவைக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர். பார்த்தால் ஒன்றும் விளங்காது. எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்ற வரிசை மட்டும் இன்னொரு சின்ன ஃபைலில் இருக்கும். அந்தச் சின்ன ஃபைலைத் திறந்தால் துண்டுகள் கோத்துக்கொண்டு பாடமாகக் கேட்கும். யாராவது ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ, வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ, திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். ஒலித் துண்டுகளைக் காணவில்லை என்று சொல்லி மூன்று வழி காட்டும். எதையும் மாற்றாமல் மூடிவிடலாம். காணாமல்போன இடங்களை இப்போதைக்கு மட்டும் மௌனமாக வைத்துக்கொள்ளலாம். அல்லது நிரந்தரமாக மௌனமாக்கிவிடலாம். இந்த மூன்றாவதை அழுத்திவிட்டால் வரிசை அழிந்துவிடும். பிறகு துண்டுகள் கிடைத்தாலும் அவற்றுக்குப் போக இடம் இருக்காது.

திரையில் வருவதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைச் சார் தன் கணினியில் வைத்திருந்தார். பதிவுசெய்யும் கணினியில் அதைப் போட முடியாது, அதன் பேச்சும் பதிவில் விழுந்துவிடும். அதனால் எரர் வந்தால் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளங்கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, "என்ன சொல்லுதுங்க? முழுசாப் படிங்க" என்பார். ஃபைல் காணவில்லையாம் சார் என்று சுருக்கமாகச் சொன்னால் ஏற்க மாட்டார். பெட்டியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும், எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர் என்ற பாதையையும், எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். பாதி எரர்களுக்கு விடை அந்தப் படிப்பிலேயே கிடைத்துவிடும். பிறகு, முதல் வழியில் மூடச் சொல்வார். மூடிய பிறகு ஒரே ஒரு கேள்வி: கடைசியாக நன்றாகத் திறந்ததற்கும் இன்றைக்கும் நடுவில் இந்த அறையில் என்ன மாறியது? யார் மாற்றினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருமுறை வங்கி அதிகாரி ஒருவர் வீட்டிலேயே ஒரு பொருளாதாரப் புத்தகத்தைப் பதிவுசெய்து பென் டிரைவில் கொண்டுவந்தார். திறந்தால் அத்தனையும் மௌனம். கோடை முழுக்க வேலை முடிந்து வந்து உட்கார்ந்து படித்த மனிதர், முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பாதையைப் படிக்கச் சொல்லிக் கேட்ட சார் சிரித்துவிட்டார். "வெலாசத்தைக் கொண்டாந்துட்டு ஊட்டை அங்கயே உட்டுட்டு வந்துட்டீங்க. போயி அந்த ஃபோல்டரையும் எடுத்துட்டு வாங்க, எல்லாம் இருக்குமுங்க" என்றார். இருந்தது. கிளம்பும்போது அந்த அதிகாரியிடம் இன்னொன்றும் சொன்னார்: "காணோம்னு சொல்லுச்சுன்னா, அது தேடுன எடத்துல இல்லைன்னுதானுங்க அர்த்தம்."

அந்த வாக்கியத்தை நாங்கள் எவ்வளவு தூரம் நம்ப வேண்டியிருந்தது என்பது தங்கமணி விஷயத்தில்தான் தெரிந்தது.

தங்கமணி புதுச்சத்திரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி வந்து படித்துக் கொடுப்பாள். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டால் மாதக் கணக்கில் வர மாட்டார். பிள்ளைகள் விடுதியில். ஏன் இவ்வளவு தூரம் வருகிறாய் என்று ஒருநாள் கேட்டதற்கு, வீட்டில் பேச ஆளில்லை, இங்கே வந்தால் வாய் ஓயாமல் பேசலாம் என்றாள். அவள் குரல் இனிமையானது என்று சொல்ல மாட்டேன். அது நிதானமான குரல். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரிந்துவிட்டதா என்று பார்த்து அடுத்த வரிக்குப் போகிற மாதிரி படிப்பாள். அட்டவணைகளைக்கூட அவள் படித்தால் கண்முன் கட்டம் தெரியும். அவளுடைய பேச்சில் ஊர்வாடை இருக்கிறது என்று நிர்வாகத்தில் ஒருவர் குறை சொன்னபோது, சார் குரலைத் தாழ்த்தி, கேட்கிற பிள்ளைகள் எவரும் குறை சொல்லவில்லையே என்று முடித்துவிட்டார்.

பல ஆண்டுகள் அந்தக் குரல் தினமும் என் காதுக்குள் இருந்தது. அவள் வராத நாட்களில் அவளுடைய பதிவுகளை வெட்டிக்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தால், மனசுக்குள் ஓடுகிற பேச்சுகூட அவள் குரலில்தான் ஓடும். என் கணவரின் குரலை நான் அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

அவள் கடைசியாகப் படித்தது ஆசிரியர் தேர்வுக்கான கல்வி உளவியல் புத்தகம். அதற்காகக் காத்திருந்தவள் கெங்கவல்லிப் பக்கத்துப் பெண், ஜோதி. பார்வை இல்லாதவள், முந்தைய முறை கொஞ்சத்தில் தவறவிட்டவள். பாடம் முடிய முடிய அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். கடைசி மூன்று பாடங்கள் பாக்கி இருக்கும்போது தங்கமணி திடீரென்று தினமும் வர ஆரம்பித்தாள். தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, நடுநடுவே இருமிக்கொண்டு படித்தாள். முடித்த அன்று, கொஞ்ச நாள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். தொண்டையில் கட்டி, அறுவை சிகிச்சை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்ததாம். குரல் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம். உயிர் பிழைத்தாள், குரல் போய்விட்டது. காற்றும் கரகரப்பும் மட்டும்தான் மிச்சம்.

அதே சமயத்தில் ரம்ஜான் விடுமுறைக்கு நான் வீட்டில் இருந்தேன். பதிவறைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுவதாக நான் எழுதிக் கொடுத்திருந்ததால், சர்வீஸ்காரர் வந்து புதியதை மாட்டி, எல்லாவற்றையும் அதில் நகலெடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் திரும்பி வந்து உளவியல் கடைசிப் பாடங்களைத் திறந்தேன். பெட்டி வந்தது. மூன்று பாடங்களின் அத்தனை துண்டுகளையும் காணவில்லை.

சார் வந்து உட்கார்ந்தார். நான் படித்தேன். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். முதல் வழியில் மூடினோம். புதிய டிஸ்க் முழுக்கத் தேடினோம்; சர்வீஸ்காரரை அழைத்துப் பேசினோம். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்ப் பாதை நீண்டுவிட்டதால், அந்த ஒன்று மட்டும் நகலாகாமல் நின்றிருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. முடிந்த புத்தகங்களுக்குத்தான் நாங்கள் சி.டி.யில் நகல் வைப்போம். இது முடியவில்லை. பழைய டிஸ்க் எங்கே என்றால், அதைச் சரிபார்த்து நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்கு மாட்டிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் பயந்துபோயிருந்தார். சார் திட்டவில்லை. அந்த ஆபீஸ் எந்தத் தெருவில் என்று மட்டும் கேட்டார்.

இதை எப்படித் தங்கமணியிடம் சொல்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே வந்துவிட்டாள். கழுத்தில் துப்பட்டா சுற்றியிருந்தாள். பாடம் அந்தப் பெண்ணுக்குப் போய்விட்டதா என்று கேட்கத்தான் வந்தாள். நான் உள்ளதைச் சொன்னேன். அவள் என் காதருகே குனிந்து, "எம்பட கொரலு எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துரும் போல இருக்குதுங்க நிசாக்கா. அதையும் ஒருக்காக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றாள்.

மறுநாள் சாரும் நானும் நாமக்கல் பஸ் ஏறினோம். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் புதுச்சத்திரத்தில் தங்கமணியும் ஏறிக்கொண்டாள்.

லாரி ஆபீஸ்காரர் நல்ல மனிதர். வெயிலில் வந்தவர்களுக்கு முதலில் மோர் வாங்கிக் கொடுத்தார். சார் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"அதுங்களா? பாட்டு ஏதாச்சும் இருக்கும்னு தொறந்து பாத்தனுங்க. அத்தனையும் துண்டு துண்டாக் கெடக்குது. ஒரு பொம்பள பாதி வார்த்தை சொல்லும், நின்னுபோயிரும். எடம் அடைக்குதேன்னு அழிச்சுட்டு வாரேன், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு துண்டைத் தட்டினார்.

அந்தச் சின்ன ஆபீஸில், லாரிகளின் சத்தத்துக்கு நடுவே, தங்கமணியின் பழைய குரல், "கற்றல் என்பது அனுபவத்தின் வழியே நடத்தையில்" என்று சொல்லி அறுந்தது.

நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கமணி, "அது நானுங்க" என்றாள். அவருக்குக் காதில் விழவில்லை. நான் திரும்பச் சொன்னேன். அவர் அவளையும் கணினியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

சார் மட்டும் தன் முறையை விடவில்லை. "ஏனுங்க, மொதல்ல அதை அமத்தீருங்க. இதுல இனி ஒரு எழுத்துகூட அடிக்காதீங்க" என்றார். அழித்த ஃபைல் உடனே போய்விடாது, அதன் இடத்தில் வேறு எதையாவது எழுதினால்தான் போகும் என்பதை அவருக்கு விளக்கினார். முட்டை லோடு ஏற்ற இரண்டு வண்டிகள் வாசலில் காத்திருந்தன. அவற்றின் விவரமெல்லாம் அந்தக் கணினியில்தான். ஆனாலும் அவர் மறுபேச்சில்லாமல் அணைத்தார். அன்றைய வேலையைத் தாளில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, டிஸ்க்கைத் தானே கழற்றித் தன் தோள் துண்டில் சுற்றிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் சார். பள்ளத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சர்வீஸ்காரர் எங்களோடு உட்கார்ந்து, அழிந்ததில் முடிந்தவரை மீட்டுக் கொடுத்தார். மீட்டதையும் மிச்சமிருந்ததையும், பழைய ஃபோல்டரின் பெயரிலேயே, பழைய பாதையிலேயே வைத்தோம். திறந்தேன். பெட்டி மறுபடியும் வந்தது. ஆனால் இப்போது காணாத துண்டுகள் கொஞ்சம்தான். அன்றுதான் முதன்முறையாகச் சார் இரண்டாவது வழியை அழுத்தச் சொன்னார். தங்கமணியின் குரல் எழுந்தது. ஓரிரு நிமிடம் ஓடும், திடீரென்று வெறுமை, பிறகு வாக்கியத்தின் வேறு இடத்தில் அவள் பேசிக்கொண்டிருப்பாள்.

அதோடு முடியவில்லை. மென்பொருள் இன்னொரு பெட்டியைக் காட்டியது. ஃபோல்டருக்குள் இருக்கும் சில துண்டுகள் எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லை, தேவையில்லாவிட்டால் அழித்துவிடலாம் என்றது. நான் வெட்டி எறிந்த மிச்சங்கள் அவை. வெட்டினாலும் உள்ளேயே கிடந்திருக்கின்றன. படித்துக் காட்டியதும் சார், "போட்டுக் காட்டுங்க" என்றார்.

ஒவ்வொன்றாகப் போட்டேன். தாள் புரட்டும் சத்தம். இருமல். "ஐயோ, வரி மாறிப்போச்சுங்க நிசாக்கா." வெளியே தெருவில் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்ததற்கு அவள் சிரித்த சிரிப்பு, நீளமாக, அடக்க முடியாமல். கடைசியில் ஒன்று. நான் டீ சொல்லப் போயிருந்த நேரத்தில் பதிவானது போல. இருமி முடித்துவிட்டு, அவள் தன் தொண்டையிடம் தாழ்ந்த குரலில் பேசுகிறாள்: "இன்னும் கொஞ்ச நாளு தாங்கிக்க சாமி. பாடத்த முடிச்சுப்போடலாம்."

எங்கள் எல்லோரையும் சார் குரலாகத்தான் அறிந்தவர். எனக்குத் தங்கமணியின் முகம் இருந்தது, நடை இருந்தது, மூக்குத்தி இருந்தது. அவருக்கு அவளிடம் இருந்தது இது ஒன்றுதான். எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தச் சிரிப்பை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்.

விடுபட்ட இடங்களை என்னைப் படிக்கச் சொன்னார் சார். தங்கமணி ஒத்துக்கொள்ளவில்லை. புரிகிற மாதிரி இருந்தால் போதாதா, நானே படிக்கிறேன் என்றாள். மைக்கை அவள் உதட்டருகே வைத்தோம். கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தினோம். வியர்வை வழிய வழிய, ஒவ்வொரு இடைவெளிக்கும் உரிய சொற்களைக் காற்றுக் குரலில் படித்தாள். சில சொற்களைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. நான் அவற்றை அந்தந்த இடத்தில் பொருத்தினேன். கேட்டுப் பார்த்தால், பழைய குரல் நிதானமாக நடந்துவரும், நடுவில் சில வார்த்தைகள் ரகசியம்போல வரும், மறுபடியும் பழைய குரல். சார் முழுவதும் கேட்டுவிட்டு, மூச்சு எதையும் வெட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பாடங்கள் கெங்கவல்லிக்குப் போயின.

தேர்வு முடிவு வந்த அன்று ஜோதி போன் செய்தாள். அப்போது தங்கமணியும் அலுவலகத்தில் இருந்தாள். படிக்க முடியாமல் போனாலும், பாடங்களைப் பிரித்து அடுக்கித் தரும் வேலைக்கு அவள் வந்துகொண்டிருந்தாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஜோதி தேறிவிட்டாள். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, "மேடம், கடைசி மூணு பாடத்துல அந்த அக்கா ஒரு நல்ல வேலை பண்ணாங்க. பரீட்சைக்கு முக்கியமானது வர்ற எடத்துல மட்டும் காதுகிட்ட வந்து ரகசியமா சொன்னாங்க பாருங்க. அதையெல்லாம் நான் மனப்பாடமே பண்ணிட்டேன். அதுலருந்து ரெண்டு கேள்வி வந்துச்சு" என்றாள்.

நாங்கள் எவரும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. வாழ்த்திவிட்டு போனை வைத்தேன்.

சார் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "என்ன ஆச்சுங்க? ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க?" என்றார்.

நான் தங்கமணியைப் பார்த்தேன். மேசைமேல் கவிழ்ந்து, தோள்கள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, சத்தமே இல்லாமல் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கம் சிரிக்கிறா சார்" என்றேன்.

"அப்படிங்களா" என்றார் அவர். நாற்காலியை அவள் இருந்த பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "முடிஞ்சதும் சொல்லுங்க" என்று சொல்லிக் காத்திருந்தார்.